மூன்று படி, எட்டு மாத வாடகை: ஒரு வீட்டு ராம்ப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

அவருக்கு வயது 64. பல வருடச் சர்க்கரை நோய். வலது பாதத்தில் வந்த புண் ஆறாமல் எலும்பு வரை போய்விட்டதால், முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. அறுவை சிகிச்சை முடிந்து 12ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் மனைவி, மகன், மருமகள். இளையவர்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் துணைக்கு இருப்பது 61 வயது மனைவி மட்டும்தான். அவருக்கும் முழங்கால் தேய்மானம் உண்டு.

நான் பிசியோதெரபிஸ்ட். வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுக்கிறேன். இந்தக் குடும்பத்துக்கு என்னை வரச் சொன்னது துண்டித்த காலுக்கான பயிற்சிக்காக. வாசல் பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் முதல் இரண்டு வாரத்தில் நாங்கள் அதிகம் பேசியது வாசலைப் பற்றித்தான்.

இதைக் குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்த நாள்

முன்வாசலில் மூன்று படிகள். மகன் முன்யோசனை உள்ளவர். உறவினர் வீட்டில் சும்மா கிடந்த, வீல்சேரை ஏற்றி இறக்கும் மடக்கு ராம்ப் (சாய்தளம்) ஒன்றை முதல் நாளே வாங்கி வைத்திருந்தார். நீளம் 2.1 மீட்டர். மூன்று படிகளின் மொத்த உயரம் 51 செ.மீ. அதாவது ஒரு பங்கு உயரத்துக்கு நான்கு பங்கு நீளம் (1:4), சுமார் 14 டிகிரி சாய்வு. மடக்கு ராம்ப் தயாரிப்பவர்களில் பெரும்பாலோர், நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருந்தால் 1:6க்கு மேல் செங்குத்தாக வைக்க வேண்டாம் என்று எழுதியிருப்பார்கள். அந்த எழுத்து ராம்ப்பின் அடிப்பக்கம் ஒட்டிய ஒரு சிறு தாளில் இருந்தது. அதை நான் பார்த்ததே நான்கு நாள் கழித்துத்தான்.

மகனும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து தள்ளியிருக்கிறார்கள். பாதி ஏறியபோது முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பின. பின்னால் இருந்த மகன் நாற்காலியை மார்பில் தாங்கி நிறுத்தினார். யாருக்கும் அடி இல்லை. ஆனால் அன்றிலிருந்து நான் போகும்வரை அவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. கட்டு மாற்றக்கூட ஒரு நர்ஸை வீட்டுக்கே வரவழைத்தார்கள்.

ஏன் எழும்பியது என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியும் பாதமும் சேர்ந்து உடல் எடையில் சுமார் 6 சதவீதம். அந்த எடை நாற்காலியின் முன்பக்கம் இருந்து போய்விட்டால், எடை மையம் பின்னுக்கு நகர்கிறது. சமதரையில் இது தெரியாது. ஏற்றத்தில் உடனே தெரியும். அதனால்தான் கால் இழந்தவர்களுக்கான வீல்சேரில் பின்சக்கரத்தின் அச்சைச் சற்றுப் பின்னால் தள்ளி வைப்பார்கள், அல்லது பின்னால் சாயாமல் தடுக்கும் இரண்டு சிறு சக்கரங்களை மாட்டுவார்கள். ஆன்டி டிப்பர் என்று கடையில் கேட்டால் தருவார்கள். இவருடையது சாதாரண வீல்சேர். அந்தச் சக்கரங்கள் அதில் இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னால், மறுநாளே அவற்றை வாங்கி மாட்டச் சொன்னேன்.

வீட்டை அளந்தபோது

முன்புறத்தில் படியிலிருந்து கேட் வரை 4.2 மீட்டர், பக்கவாட்டில் 8 மீட்டர் வெற்றிடம். பின்வாசலில் ஒரே படி, உயரம் 24 செ.மீ. ஆனால் பின்வாசலுக்குப் போக வீட்டை ஒட்டிய 95 செ.மீ. சந்து வழியாகத்தான் வரவேண்டும். சந்து முடிகிற இடத்தில் சட்டென்று ஒரு திருப்பம்.

வீல்சேரின் அகலம் 64 செ.மீ., ஆகவே சந்துக்குள் நுழையும். திருப்பம்தான் சிக்கல். துண்டித்த கால் முட்டியில் மடங்கியே இறுகிப்போகாமல் இருக்க, அதை நீட்டி வைக்கும் ஒரு பலகையை நாற்காலியில் பொருத்தியிருந்தோம். ஸ்டம்ப் போர்டு என்பார்கள். அது முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால், கழற்றாமல் அந்த மூலையில் திரும்ப முடியவில்லை. கழற்றிவிட்டு நாலைந்து முறை முன்னும் பின்னும் ஆட்டினால் திரும்பும்.

அவருக்கு அந்த வழியே பிடிக்கவில்லை. “என் வீட்டுக்குள்ள நானே திருடன் மாதிரி பின்னால வரணுமா?” என்றார். இதைச் செலவுக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் சேர்க்காமல் விடவும் முடியாது. வெளியே போவதையே தவிர்த்துவிட்டால் ராம்ப் எவ்வளவு மலிவாக அமைந்தும் பயனில்லை.

சாய்வு எவ்வளவு இருக்கலாம்? பல நாடுகளின் அணுகல் விதிகள் சொல்வது 1:12. ஒரு செ.மீ. ஏற 12 செ.மீ. ஓட்டம், ஏறத்தாழ 5 டிகிரி. பொதுக் கட்டடங்களுக்கான விதி, வீட்டுக்கு ஏன் என்று மகன் கேட்டார். நியாயமான கேள்வி. பதிலைத் தள்ளுபவரின் கையில்தான் தேட வேண்டியிருந்தது.

அவர் எடை 70 கிலோ, நாற்காலி 17 கிலோ, மொத்தம் 87. உறவினரின் ராம்ப்பில் இந்த எடையை ஏற்ற, உருளும் தடையைக் கணக்கில் எடுக்காமலே, 21 கிலோ பளுவைத் தூக்கும் அளவு விசை வேண்டும். 1:6 என்றால் 14 கிலோ. 1:12 என்றால் 7 கிலோ சொச்சம். ஏறுவது மட்டுமல்ல, இறங்கும்போது இதே பளுவைப் பிடித்து நிறுத்தவும் வேண்டும். பகலில் இதைச் செய்யப்போவது முழங்கால் வலியுள்ள 61 வயதுப் பெண்மணி. அவரை வைத்துத்தான் 1:12 என்று முடிவு செய்தோம். மகன் மட்டுமே எப்போதும் தள்ளுவார் என்றிருந்தால் 1:10க்குச் சம்மதித்திருப்பேன்.

51 செ.மீ. உயரத்துக்கு 6.1 மீட்டர் ஓட்டம் வேண்டும். நேராகப் போட இடமில்லை. வீட்டுச் சுவரை ஒட்டி ஓடி, ஒன்றரை மீட்டர் சமதளத்தில் திரும்பி, அதே பக்கம் இணையாகத் திரும்பி வரும் யூ வடிவம்தான் வழி. இந்த 51 என்ற எண்ணில் நான் ஒரு தப்புச் செய்திருந்தேன். அது பின்னால் வருகிறது.

எதிரே இருந்த வழிகள்

கொத்தனார் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இரண்டு நாளில் கான்கிரீட்டில் போட்டுத் தருவதாகச் சொன்னார். மலிவுதான். ஆனால் அவர் தரையில் கோடு கிழித்துக் காட்டிய நீளம் 3 மீட்டர். வண்டி ஏற்றும் சாய்தளம் போட்டுப் பழகிய கை அது. வீல்சேருக்கு இரண்டு மடங்கு வேண்டும், நடுவே திரும்ப சமதளம் வேண்டும், ஓரத்தில் சக்கரம் நழுவாதபடி விளிம்பு வேண்டும், கைப்பிடி வேண்டும் என்றதும் அவர் சொன்ன தொகையும் நாளும் கூடின. கான்கிரீட்டை ஊற்றி ஒரு வாரமாவது ஈரம் காக்க வேண்டும். அதுவரை வாசலே இல்லை. சாய்வு பிசகிவிட்டால் உடைத்துத்தான் திருத்த முடியும்.

மரத்தில் செய்யலாம். சீக்கிரம் ஆகும். மழையில் வழுக்கும், சில வருடத்தில் உளுக்கும். சொரசொரப்புப் பட்டை ஒட்டி, அது உரியும்போதெல்லாம் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். தச்சர் கிடைக்கவில்லை என்பதால் இதை மேற்கொண்டு யோசிக்கவில்லை.

மூன்றாவது, துண்டு துண்டாகக் கோத்துப் பொருத்தும் அலுமினிய ராம்ப். தரையைத் தோண்ட வேண்டாம். கால்களின் உயரத்தைத் திருகிச் சரிசெய்யலாம். கைப்பிடிகளோடு வரும். ஒரே நாளில் நிற்கும், ஒரே நாளில் கழற்றலாம். இதை விற்கவும் செய்கிறார்கள், வாடகைக்கும் விடுகிறார்கள். கேள்வி இங்கேதான் வாங்குவதா வாடகையா என்று சுருங்கியது.

எவ்வளவு காலம்?

மருத்துவமனையில் சொன்னது “மூன்று மாதம்”. வீட்டில் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதத்துக்கு யாராவது வாங்குவார்களா, வாடகைதான் என்று மருமகள் சொன்னார். எனக்கு அந்த மூன்று மாதம் உறுத்தியது. எது முடிய மூன்று மாதம்? புண் ஆறவா, செயற்கைக் கால் கைக்கு வரவா, அந்தக் காலோடு மூன்று படி ஏறவா?

மறு பரிசோதனைக்குப் போனபோது மகனிடம் மூன்று கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். எல்லாம் நல்லபடியாகப் போனால் எப்போது படி ஏறுவார்? இவரைப் போன்றவர்களுக்கு வழக்கமாக எவ்வளவு ஆகிறது? கெட்ட விதமாகப் போனால் என்ன ஆகும்?

பதில்கள் வேறு வேறாக வந்தன. நல்லபடி என்றால் நான்கைந்து மாதம். வழக்கமாக ஆறிலிருந்து எட்டு. கெட்டால், புண் பிரிந்து மறுபடி மேலே வெட்ட வேண்டி வரலாம், அல்லது இடது காலுக்கும் சிக்கல் வரலாம். அப்போது வீல்சேர் நிரந்தரம். சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்தவருக்கு மற்றக் காலுக்கும் ஆபத்து கூடுதல் என்பது குடும்பத்துக்கு அன்றுதான் நேரடியாகச் சொல்லப்பட்டது. மூன்று மாதம் என்றது செயற்கைக் காலுக்கு முதல் அளவு எடுக்கும் நேரத்தையாம்.

கணக்கு

பணத்தின் அளவு இடத்துக்கு இடம் மாறும் என்பதால், புதிய ராம்ப்பின் விலையை 100 என்று வைத்துச் சொல்கிறேன். அந்த விகிதத்தில் மாத வாடகை 9. கொண்டுவந்து பொருத்த 12, இது வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும் உண்டு. கழற்றி எடுத்துப்போக 6.

மகன் முதலில் போட்டது: 100ஐ 9ஆல் வகுத்தால் 11 மாதம். அதற்குள் முடிந்தால் வாடகை லாபம். பார்க்கச் சரியாகத் தோன்றும். இரண்டு விஷயம் இதில் விட்டுப்போயிருக்கிறது. ஒன்று, பொருத்தும் கூலியும் கழற்றும் கூலியும். இன்னொன்று, வாங்கிய ராம்ப் பிறகு வெறும் இரும்புக் கடைச் சரக்காகிவிடாது, அதற்கு ஒரு மறுவிலை உண்டு.

மறுவிலை பற்றிக் கேட்டால் விற்பவர்கள் தாராளமாகப் பேசுவார்கள். “பாதி விலைக்குக் கண்டிப்பா போயிடும் சார்” என்றார்கள். எழுதித் தரக் கேட்டதும் அது 30 ஆனது: ஒரு வருடத்துக்குள் திருப்பினால், சேதமில்லாவிட்டால். எழுத்தில் வந்த 30ஐ மட்டும் கணக்கில் வைத்தோம். வாங்கிப் பொருத்த 112, கழற்ற 6, திரும்ப வருவது 30. ஆக வாங்கித் திருப்பினால் செலவு 88. வாடகை என்றால் 18 கூட்டல் மாதத்துக்கு 9. இரண்டும் சந்திக்கும் இடம் 8 மாதத்துக்குச் சற்று முன்னால். 11 அல்ல. மருத்துவர் சொன்ன ஆறிலிருந்து எட்டு சரியாக அந்தக் கோட்டின் மேலேயே வந்து விழுந்தது. கணக்கால் மட்டும் தீராத நிலை.

அப்போதுதான் வாடகைத்தாளின் இரண்டாம் பக்கத்தில் இருந்த ஒரு வரி உதவியது. நான்கு மாதத்துக்குள் வாங்க முடிவு செய்தால், அதுவரை கட்டிய வாடகையில் பாதியை விலையில் கழித்துக்கொள்வார்கள். நான்கு மாத வாடகை 36, அதில் பாதி 18 திரும்பும். முதலிலேயே வாங்கியிருந்தால் ஆகும் 112க்குப் பதிலாக 130 ஆகும். வித்தியாசம் 18. இந்த 18 நான்கு மாதம் பொறுத்துப் பார்ப்பதற்கான விலை.

எதிர்ப்பக்கம் பார்த்தால், இன்றே வாங்கிவிட்டு, நான்கு மாதத்தில் அவர் நடந்துவிட்டால் செலவு 88. அதே நான்கு மாதம் வாடகை என்றால் 54. நஷ்டம் 34. புண் எப்படி ஆறும் என்று யாருக்கும் தெரியாத மூன்றாம் வாரத்தில், 18ஐப் பணயம் வைப்பதா 34ஐயா என்றால் பதில் சொல்வது சுலபம்.

எடுத்த முடிவு

முன்வாசலுக்கு அலுமினிய ராம்ப் வாடகைக்கு. நான்காம் மாதக் கடைசி வாரத்தில் உட்கார்ந்து மறுபடி கணக்குப் பார்ப்பது என்று காலண்டரில் வட்டம் போட்டோம்.

கூடவே ஒன்றை வாங்கினோம். பின்வாசலுக்கு 2.4 மீட்டர் மடக்கு ராம்ப். 24 செ.மீ. உயரத்துக்கு அது 1:10. ஒருவர் தள்ள, அவசரத்துக்குப் போதும். இது அநாவசியச் செலவு என்று மகன் நினைத்தார், சொல்லவும் செய்தார். என் வாதம் இதுதான்: வீட்டுக்கு வீல்சேர் வழி ஒன்றே ஒன்று இருப்பது சரியல்ல. முன்பக்கம் ஏதாவது ஆனால் அவரை எப்படி வெளியே கொண்டுவருவது? சிறியதை வாங்கினால், எத்தனை மாதம் என்ற கேள்வியே அதற்குக் கிடையாது. வீல்சேர் வீட்டில் இருக்கும்வரை அது எங்காவது உதவும். காத்திருந்து தெரிந்துகொள்ள வேண்டியது எதுவும் அதில் இல்லை.

முன்கதவின் நிலைப்படி 4 செ.மீ. உயர்ந்திருந்தது. அதற்கு ஒரு ரப்பர் ஆப்பு. அதையும் வாங்கினோம்.

பொருத்திய வாரம்

வந்தவர்கள் ரசமட்டத்தை எடுத்து வைத்ததுமே என் தப்பு வெளியே வந்தது. நான் படிகளின் உயரத்தை ஒவ்வொன்றாக அளந்து கூட்டியிருந்தேன். அது படியடித் தரைவரை சரி. ஆனால் ராம்ப் முடிவது படியடியில் இல்லை. அங்கிருந்து தள்ளி, தண்ணீர் வடிவதற்காகத் தரை சரிந்து போகும் மூலைப்பக்கம். அந்த இடத்தில் தரை 7 செ.மீ. கீழே இருந்தது. உண்மையான உயரம் 58. தேவையான ஓட்டம் 7 மீட்டர்.

கொண்டுவந்த துண்டுகளை வைத்து அன்றே முடித்திருந்தால் சாய்வு ஏறக்குறைய 1:10.5 ஆகியிருக்கும். “பரவாயில்லை, போட்டுடலாம்” என்று எல்லோரும் சொன்னார்கள், களைப்பில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இன்னொரு துண்டுக்காக மூன்று நாள் காத்திருந்தோம். மேலே கணக்கில் சொன்ன விலை, வாடகை விகிதங்கள் எல்லாம் இந்தத் திருத்திய நீளத்துக்கானவை.

பொருத்தியதும் அவரை ஏற்றவில்லை. முதலில் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். என் எடை அவரைவிடக் குறைவு, அதனால் மடியில் 10 லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்று. அந்த அம்மா என்னைத் தள்ளிக்கொண்டு போனார். ஏறும்போது முன்னோக்கி. இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, தள்ளுபவர் முதலில் பின்னோக்கி இறங்க, நாற்காலி அவரைத் தொடர்ந்து பின்பக்கமாக வரவேண்டும். முன்பக்கமாக இறக்கினால் ஒரு காலில்லாதவர் முன்னால் சரிய வாய்ப்பு அதிகம். மூன்றாம் தடவையில் அவருக்குக் கை பழகிவிட்டது. நடுச் சமதளத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். “இது போதும் தம்பி, தள்ளிடுவேன்” என்றார். 1:12 என்ற எண்ணைவிட அந்த வார்த்தையில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

சில்லறைத் தொல்லைகள் இருந்தன. சக்கரம் ஏறும்போது துண்டுகள் சேருமிடத்தில் தகரம் தட்டுவது போலச் சத்தம். கால்களுக்கடியில் ரப்பர் வைத்ததும் அடங்கியது. வெயில் நேரத்தில் கைப்பிடி சுட்டது, துணி சுற்றினார்கள். மருமகளின் ஸ்கூட்டர் நிற்க இடமில்லாமல் கேட்டுக்கு வெளியே போனது. இது கடைசிவரை ஒரு முணுமுணுப்பாகவே இருந்தது.

அடுத்த மாதங்கள்

இரண்டாம் மாதம் தையல் போட்ட இடத்தில் ஓரமாகப் புண் பிரிந்தது. மறுபடி வெட்ட வேண்டியதாகவில்லை, ஆனால் செயற்கைக் காலுக்கு அளவெடுப்பது ஐந்து வாரம் தள்ளிப்போனது. நல்லபடியாகப் போனால் என்று சொன்ன கணக்கு அத்தோடு போயிற்று.

அந்த நாட்களிலும் அவர் தினமும் மாலையில் கேட் வரை வந்து உட்கார ஆரம்பித்தார். வாரம் மூன்று முறை கட்டு மாற்ற வெளியே போனார். ராம்ப் இல்லாத முதல் வாரங்களில் இருந்த மனிதர் இல்லை.

நான்காம் மாதக் கடைசி. செயற்கைக் கால் வந்து பத்து நாள். இரண்டு பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், படி இன்னும் இல்லை. காலண்டரில் போட்ட வட்டத்தின்படி உட்கார்ந்தோம். அதுவரை கட்டியதை மறந்துவிட வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். கட்டியது கட்டியதுதான், இனிமேல் ஆகும் செலவு மட்டும் கணக்கு. இப்போது வாங்கினால் கையிலிருந்து 82 போகும். பின்னர் திருப்பினால் 30 வரும், கழற்ற 6. நிகரம் 58. வாடகையைத் தொடர்ந்தால் மாதத்துக்கு 9, கடைசியில் 6. இரண்டும் சமமாக இன்னும் கிட்டத்தட்ட ஆறு மாதம் ஆக வேண்டும். அவர் நடக்கும் விதத்தைப் பார்த்து எனக்கு இன்னும் இரண்டிலிருந்து நான்கு மாதம் என்று தோன்றியது. வாடகையைத் தொடர்ந்தோம்.

ஆறாம் மாத நடுவில் கைப்பிடியோடு ஒரு படி. ஏழாம் மாதம் முடியும்போது மூன்று படியும், மகன் பக்கத்தில் நிற்க. ராம்ப்பை எடுத்துப்போகச் சொல்லித் தொலைபேசியில் கூப்பிட்டார்கள்.

அங்கே ஒரு அடி விழுந்தது. திருப்பிக் கொடுக்க 30 நாள் முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. பாதி வாடகையைக் கழிக்கும் வரி இருந்த அதே இரண்டாம் பக்கத்தில், அதற்கு மூன்று வரி கீழே. நாங்கள் நால்வரும் அந்தப் பக்கத்தைப் படித்திருந்தோம். நமக்குச் சாதகமான வரியைக் கண்டதும் கண் அங்கேயே நின்றுவிட்டது. எட்டாம் மாத வாடகையும் கட்டினார்கள். மொத்தச் செலவு 90. முதல் நாளே வாங்கித் திருப்பியிருந்தால் 88. அந்த ஒரு மாதம் இல்லையென்றால் 81.

திருப்பிக் கொடுத்த பிறகு

எட்டாம் மாதம் முழுக்க ராம்ப் சும்மா நின்றதால் அந்த மாதத்தைச் சபித்தார்கள். ஒன்பதாம் மாதம் வேறு மாதிரி ஆனது. துண்டித்த கால் முதல் வருடத்தில் சுருங்கிக்கொண்டே வரும். அதற்கேற்பச் செயற்கைக் காலில் அது உட்காரும் கிண்ணம் தளர்ந்து, உள்ளே ஆட்டம் கொடுத்து, தோலில் கொப்புளம் வந்தது. 16 நாள் செயற்கைக் காலையே போடக்கூடாது என்றார்கள். முன்வாசலில் மறுபடி வெறும் மூன்று படி.

பின்வாசல் மடக்கு ராம்ப்தான் அந்த 16 நாளும். ஸ்டம்ப் போர்டைக் கழற்றி, சந்து மூலையில் முன்னும் பின்னும் ஆட்டி, அந்த அம்மா அவரைத் தனியாகவே வெளியே கொண்டுவந்தார். திருடன் மாதிரி என்று சொன்னவர் இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. அநாவசியம் என்று நினைத்த மகனும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கிளறவில்லை.

பத்தாம் மாதம் முன்வாசல் படியை உடைத்து, மூன்றுக்குப் பதில் ஐந்து படியாகக் கட்டினார்கள். ஒவ்வொன்றும் 10 செ.மீ. சொச்சம், வாக்கரை வைத்து நிற்கும் அளவு அகலம், இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி. மேலே சொன்ன விகிதத்தில் செலவு 15. முழங்கால் வலியுள்ள அந்த அம்மாவுக்கும் இது வசதியாக இருக்கிறது. ஸ்கூட்டர் உள்ளே வந்துவிட்டது.

மறுபடி செய்வதானால்

வாடகை என்ற முடிவை மாற்றமாட்டேன். 90க்கும் 88க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து மகன் சில சமயம் வருத்தப்படுகிறார். புண் பிரிந்தபோது மறுபடி வெட்ட வேண்டியதாகியிருந்தால் நான்காம் மாதம் அதே ராம்ப்பை வாங்கியிருப்போம். முதல் பரிசோதனையிலேயே சீராகப் போயிருந்தால் 54ல் முடிந்திருக்கும். நடந்தது இரண்டுக்கும் நடுவில். மூன்றாம் வாரத்தில் இதில் எதுவும் தெரியாது.

நிரந்தரம் என்று முதல் நாளே தெரிந்திருந்தால் பேச்சே வேறு. அப்போது வாடகையைப் பற்றி யோசித்திருக்கவே மாட்டோம். கொத்தனாரோடு சாய்வுக்காகச் சண்டை போட்டாவது கான்கிரீட்டில் முடித்திருப்பேன்.

உயரத்தை இனி படி படியாக அளப்பதில்லை. மேல்தளத்திலிருந்து நீளமான சட்டம் ஒன்றை ரசமட்டத்தோடு நீட்டிப் பிடித்து, ராம்ப் தரையைத் தொடப்போகும் இடத்தில் செங்குத்தாக அளக்கிறேன். சட்டம் எட்டாவிட்டால் தண்ணீர் நிரப்பிய குழாய்.

முன்வாசல் ராம்ப்பைச் செயற்கைக் காலோடு படி ஏறிய அதே வாரம் எடுத்துப்போகச் சொன்னது அவசரம். ஒரு மாதம் முழுக்க வீல்சேரில் ராம்ப் ஏறாமல் இருந்தால் மட்டுமே திருப்பலாம் என்று இப்போது சொல்கிறேன். அந்த ஒரு மாதத்தையே முன்னறிவிப்புக் காலமாகவும் வைத்துக்கொள்ளலாம் என்பது, எட்டாம் மாத வாடகை கட்டிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது: ஏழாம் மாதத் தொடக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தால், ராம்ப் இன்னும் தேவைப்பட்டால், இப்போது எடுக்க வேண்டாம் என்று ஒரு அழைப்பில் நிறுத்தியிருக்கலாம்.

ஆன்டி டிப்பரும் மடக்கு ராம்ப்பும் மருத்துவமனையிலிருந்து வரும் முன்பே வீட்டில் இருந்திருக்க வேண்டும். அதற்கு என்னை முன்னால் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று சொல்வது எளிது. கூப்பிடாத வீடுகளுக்கு நானே தொலைபேசியில் கேட்கலாம்: வாசலில் எத்தனை படி, பகலில் தள்ளப்போவது யார். இப்போது முதல் அழைப்பில் இந்த இரண்டையும் கேட்டுவிடுகிறேன். வாடகை எடுத்தவர்கள் என்றால் திருப்பும் அறிவிப்பை எப்போது எழுத வேண்டும் என்ற தேதியை, என் குறிப்பேட்டில் ஸ்டம்ப்பின், அதாவது துண்டித்த காலின், சுற்றளவு எழுதும் பக்கத்தின் மேல் மூலையில் குறித்துக்கொள்கிறேன். வாரா வாரம் அந்தப் பக்கத்தைத் திறந்தே ஆகவேண்டும்.